தென்கிழக்கே பார்த்த ஆன்டனா

சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அந்தத் தேதியைச் சொல்லி யார் பெருமைப்பட்டாலும் தூத்துக்குடிக்காரர்கள் நாங்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்போம். அது எங்களுக்கு வந்த தொலைக்காட்சி இல்லை. சென்னைக் கோபுரத்துக்கும் எங்கள் ஊருக்கும் இடையே காக்கை பறக்கிற கணக்கிலேயே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எங்களுக்குப் படம் வந்தது அதற்கு ஏழு வருஷம் கழித்து, கடல் தாண்டி, வேறொரு நாட்டிலிருந்து.

1982 பிப்ரவரி 15 அன்று இலங்கை ரூபவாஹினி தொடங்கியது. நிலையத்தை அமைத்துக்கொடுத்தது ஜப்பான். தீவிலேயே உயரமான மலை பிதுருதலாகல. 2,524 மீட்டர். அதன் உச்சியில் ஒளிபரப்பியை வைத்தார்கள். தங்கள் தீவு முழுக்கத் தெரியட்டும் என்றுதான் அவ்வளவு உயரத்துக்குப் போனார்கள். வழிந்தது எங்களுக்கு.

வழிந்ததை வாங்கிக்கொள்வதில் எங்கள் ஊர் முன்னமே பழகியிருந்தது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஊர். பி.எச்.அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா குரல்களெல்லாம் எங்கள் டீக்கடைகளில் தினசரி இருந்தன. தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்த ஊர் இது. அங்கே கடை வைத்திருந்த குடும்பங்களும் உண்டு. காது போன திசையில் கண்ணும் போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ரேடியோவுக்கு ஒரு முழ ஒயர் போதும். இதற்குக் குழாய் நட வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் அந்த வேலையைச் செய்தவர் ரேடியோ ரிப்பேர் கடை அண்ணாச்சி. ஜிஐ பைப்பை ஒன்றின்மேல் ஒன்றாகச் சொருகி போல்ட் போட்டு, தட்டட்டியின், அதாவது மொட்டைமாடியின், கைப்பிடிச் சுவரில் கிளாம்பு அடித்து, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுவார். எவ்வளவு உயரம் என்பது வீட்டின் வசதியைப் பொறுத்தது. குழாய் ஏற ஏற அந்த வீட்டு ஐயாவின் மரியாதையும் தெருவில் ஏறியது என்பது கொஞ்சம் கூடுதலாகச் சொல்வதுதான், ஆனால் பொய்யில்லை. உச்சியில் அலுமினியக் குழாய்கள் வரிசையாகக் குறுக்கே நிற்கும். மீன் தின்றுவிட்டு முள்ளை மட்டும் ஆகாயத்தில் மாட்டி வைத்த மாதிரி இருக்கும் என்று எங்கள் ஆச்சி சொல்வாள்.

அந்த முள்ளுக்கு யாகி-உடா ஆன்டனா என்று பெயர். 1926-இல் ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. உழைப்பில் பெரும்பங்கு ஷின்டாரோ உடாவுடையது. பெயர் என்னவோ அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகிக்குப் போனது. உலகம் யாகி என்றே சொல்கிறது. பின்னால் ஒரு நீளக் குழாய், வருகிற அலையைத் திருப்பி அனுப்ப. முன்னால் வரிசையாகச் சிறிய குழாய்கள், அலையைச் சேர்த்துக்கொடுக்க. நடுவில் மடித்து வளைத்த ஒன்றில்தான் ஒயர் மாட்டும். இதில் எந்த இடத்திலும் மின்சாரம் வேண்டாம். வெறும் உலோகம், சரியான நீளம், சரியான திசை. ஜப்பான்காரர் கொடுத்த நிலையத்தை ஜப்பான்காரர் கண்டுபிடித்த முள்ளால் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது அண்ணாச்சிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அவருக்குத் தெரிந்தது திசை. தென்கிழக்கு. குழாயின் அடியில் நின்று, துறைமுகம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு வலது கைப்பக்கம் கொஞ்சம் தள்ளித் திருப்பி வைப்பார். மீதி வேலை வீட்டுக்காரர்களுடையது.

அந்த மீதி வேலைதான் இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. அப்பா தட்டட்டியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் படிக்கட்டுத் திருப்பத்தில். அக்கா பெட்டி முன்னால். அக்கா சொல்வதை நான் மேலே சொல்ல வேண்டும். அப்பா கேட்பதைக் கீழே சொல்ல வேண்டும்.

“வருதாடே?”

“வரலப்பா.”

“இப்ப?”

“லேசா ஆள் தெரியுதாம்!”

“இப்ப?”

“போச்சு. முன்ன இருந்ததே தேவலையாம்.”

“முன்னன்னா எது?”

முன்னே எது என்பது யாருக்கும் தெரியாது. இதற்குள் பக்கத்து வீட்டுத் தட்டட்டியிலிருந்து மாமா ஒருவர் யோசனை சொல்வார். எதிர்வீட்டுப் பெரியம்மை, “எங்க வீட்டுல நல்லா தெரியுது, இங்க வந்து பாருங்களேன்” என்பார். அதில் அழைப்பும் இருக்கும், லேசான குத்தலும் இருக்கும். ஒரு வீட்டுப் படம் சரியாவது தெருவின் காரியமாக இருந்தது. நல்ல படம் எப்போதும் அப்பா குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் நிற்கும். கையை விட்டால் போய்விடும். ஆளின் உடம்பும் அலைக்கு ஒரு பொருள்தான் என்று பின்னாளில் படித்தேன். அன்றைக்கு அப்பா செய்தி முடியும் வரை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, டிவி வைத்துக்கொள்ள அப்போது தபால் ஆபீசில் லைசன்ஸ் எடுக்க வேண்டும். இந்திய அரசு எங்களுக்கு ஒரு படத்தையும் காட்டவில்லை. இலங்கை அரசு காட்டியது. கட்டணம் இந்திய அரசுக்கு. எண்பதுகளின் நடுவில் அந்த லைசன்ஸ் ஒழிந்தது.

படம் எப்போது வரும் என்பதற்குக் கடல்தான் அட்டவணை. கணக்குப்படி அது எங்களுக்கு வரவே கூடாது. பிதுருதலாகல உச்சியிலிருந்து தூத்துக்குடி சுமார் 350 கிலோமீட்டர். அந்த உயரத்திலிருந்து பூமியின் வளைவு மறைக்காமல் அலை எட்டுகிற தூரம் 200 கிலோமீட்டர் சொச்சம். பாக்கியைக் காற்று கொண்டுவந்தது. கோடையில் கடலின்மேல் ஈரமான, குளிர்ந்த காற்று படிந்து கிடக்கும். அதன்மேல் தரையிலிருந்து போன சூடான, உலர்ந்த காற்று மூடி நிற்கும். இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அலை மேலே தப்பிப் போக முடியாமல் வளைந்து வளைந்து கடலோடு ஓடிவரும். சித்திரையிலும் வைகாசியிலும் காற்று அசையாத சாயங்காலங்களில், வியர்த்துப் புழுங்கி எல்லாரும் வானத்தைத் திட்டும் நேரத்தில், படம் அப்படித் துலங்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசத் தொடங்கினால் அடுக்கு கலைந்துவிடும், குழாயும் வளைந்துவிடும். கடற்கரைத் தெருவிலிருந்து வருபவர்கள் கடல் அமைதியாகக் கிடக்கிறது என்றால், அன்றைக்கு ரூபவாஹினி உண்டு என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். டிவி பார்க்கக் கடலைக் கேட்ட தலைமுறை எங்களுடையது.

பிறகு பூஸ்டர் வந்தது. முள்ளின் அடியிலேயே ஒரு சிறு டப்பா, கீழே பெட்டி பக்கத்தில் அதற்கு மின்சாரம் கொடுக்க இன்னொரு டப்பா. அது படத்தைப் பெருக்கியது. புள்ளிகளையும் சேர்த்தே பெருக்கியது. உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் திருகுகள் பச்சை பூத்துப்போகும். காகங்களுக்கு உட்கார அதைவிட வசதியான இடம் ஊரில் இல்லை. ஒன்று உட்கார்ந்தால் படம் நடுங்கும், இரண்டு உட்கார்ந்தால் குழாய் சாயும். படம் போனால் முதலில் வெளியே போய் அண்ணாந்து காகம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம்.

என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் பாதி எங்களுக்குப் புரியவில்லை. சிங்களத்தில் நாடகங்கள். சிங்களத்தில் பௌத்த உரைகள். டைட்டஸ் தொட்டவத்த என்ற திரைப்பட இயக்குநர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுத்து ஒளிபரப்பினார். அந்தக் குரல்களுக்கு இலங்கையில் இன்றும் ரசிகர்கள் உண்டு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு பக்ஸ் பன்னி முயல் முதலில் பேசியது சிங்களம்தான். அர்த்தம் தெரியாமலே வசனத்தைத் திருப்பிச் சொல்வோம். எப்போதாவது ஒரு தமிழ்ப்படம். தினமும் தமிழ்ச் செய்தி. அந்தத் தமிழ் திருத்தமாக, அவசரமில்லாமல் வரும்; உச்சரிப்பில் ள, ழ பிசகாது. அதற்காகவே செய்தி பார்த்தவர்கள் உண்டு.

இலங்கையில் தமிழர்கள்மீது வன்முறை வெடித்த 1983 ஜூலைக்குப் பிறகு அதே பெட்டியின் முன்னால் அதே மாதிரி உட்கார முடியவில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன. புறக்கோட்டைத் தெருக்கள் ஒரு கணமாவது திரையில் வராதா, தங்கள் கடை இருக்கிறதா என்று தெரியாதா என்று புள்ளிகளுக்குள் கண்ணைப் பதித்து உட்கார்ந்திருந்தார்கள். செய்தி என்ன சொல்கிறது என்பதைவிட எதை விடுகிறது என்பதைக் கவனிக்கப் பழகினோம். ரூபவாஹினிச் செய்தி முடிந்ததும் ரேடியோவில் பிபிசி தமிழோசை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள். எங்கள் அப்பா சில மாதங்கள் பெட்டியின் மரக்கதவை இழுத்துச் சாத்திப் பூட்டியே வைத்தார். அக்காலத்துச் சாலிடேர், டயனோரா பெட்டிகளுக்குக் கதவும் உண்டு, பூட்டும் உண்டு.

பூட்டைத் திறக்க வைத்தது கிரிக்கெட். 1985 செப்டம்பரில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது, தோற்றது நாம். கொழும்பு சரவணமுத்து மைதானத்தில். ஒரு தமிழர் பெயர் தாங்கிய மைதானம் என்பதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பெட்டியில் பந்து தெரியாது. மட்டை சுற்றும், ஆட்கள் ஓடுவார்கள், கூட்டம் எழுந்திருக்கும். நடுவில் நடந்ததை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னையில் சித்தி வீட்டுக்குப் போனபோதுதான் ஆன்டனாவை வீட்டுக்குள்ளேயே பார்த்தேன். பெட்டியின்மேல் இழுத்து நீட்டும் இரண்டு குச்சி. கோபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது போதும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சினிமா, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டை, எல்லாம் அந்த இரண்டு குச்சியிலேயே வந்தன. எனக்கு அது தொலைக்காட்சியாகவே படவில்லை. யாரும் மாடிக்கு ஏறாமல், யாரும் கத்தாமல் படம் வருவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த வயதுக்கு அது ஊர்ப்பெருமை. இப்போதும் முழுக்க மறையவில்லை.

எண்பதுகளின் இரண்டாம் பாதியில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் பெரிய ஒளிபரப்பியை வைத்தது. எங்களுக்கு அது 180 கிலோமீட்டர்தான். மலையுச்சியிலிருந்து நேர்ப்பார்வைக்குள் வரும் தூரம். அடுக்குக் காற்று வேண்டாம், கடலைக் கேட்க வேண்டாம். ஒரே வாரத்தில் தெருவின் பாதி ஆன்டனாக்கள் வடமேற்கே திரும்பிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் இந்தியில் வந்தது. சிங்களம் புரியாமல் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்தி புரியாததெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வசதியுள்ளவர்கள் ஒரே குழாயில் இரண்டு முள் வைத்தார்கள், ஒன்று கொடைக்கானலைப் பார்க்க, ஒன்று இலங்கையைப் பார்க்க. அந்த இரட்டை முள்தான் எங்கள் ஊரின் சரியான அடையாளம் என்று இன்றும் நினைக்கிறேன். நகராட்சி முத்திரையில் அதைப் போட்டிருக்கலாம்.

பிறகு நடந்தது எல்லா ஊருக்கும் பொது. 1993-இல் சன் டிவி வந்தது. கேபிள்காரர் தட்டட்டிக்குத் தட்டட்டி ஒயரை வீசி இழுத்தார். குழாய்களில் துணிக்கொடி கட்டினோம்.

சென்ற ஆண்டு அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் மகள் வீட்டில் இருந்தபோது மருமகன் ஒரு கறுப்புத் தகடு வாங்கிவந்தார். காகித கனம். அதுதான் ஆன்டனாவாம், வீட்டுக்குள்ளேயே வைப்பது. மாதாமாதம் கேபிளுக்குக் கொடுக்கும் பணம் கட்டுப்படியாகவில்லை என்று அங்கே இப்போது பலரும் இதற்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஒன் வேர்ல்டு டிரேட் சென்டரும் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் நிற்கின்றன. நியூயார்க் நிலையங்களின் ஒளிபரப்புக் கம்பங்கள் அவற்றின் தலையில்தான். ஜன்னல் கண்ணாடியில் தகட்டை ஒட்டி, டிவியில் தேடச் சொன்னார். சிபிஎஸ், என்பிசி, ஏபிசி, மக்கள் நன்கொடையில் நடக்கிற பிபிஎஸ் என்று வரிசையாக வந்து விழுந்தன. பாத்திரத்தில் முகம் பார்க்கலாம், அவ்வளவு துல்லியம். ஒரு காசு கட்டணமில்லை.

ஒரு நிலையம் மட்டும் வரவில்லை. “மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துங்க” என்றார் மருமகன். நான் உற்சாகமாகத் தகட்டைப் பிடித்துக்கொண்டேன். வருகிறதா என்று கேட்டேன். இல்லை. இப்போது? இல்லை. இப்போது? திடீரென்று முழுப்படம். கையை அசைத்தேன். படம் கட்டம் கட்டமாக உடைந்து, கறுத்துவிட்டது. நடுவில் ஒன்றும் கிடையாது. லேசாக ஆள் தெரிகிறது என்பதே இந்தத் தொழில்நுட்பத்தில் இல்லை.

அமெரிக்கா 2009 ஜூன் 12-இல் பெரிய நிலையங்களின் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறியது. அனலாகில் அலை இளைத்தால் படமும் அதே அளவுக்கு இளைக்கும். கடைசிச் சொட்டு வரை ஏதோ ஒரு நிழல் இருக்கும். டிஜிட்டலில் வருவது எண்கள். கொஞ்சம் தொலைந்தால் கருவியே கணக்குப்போட்டு நிரப்பிக்கொள்ளும். ஓர் அளவுக்குமேல் தொலைந்தால் கைவிட்டுவிடும். எங்கள் ரூபவாஹினி டிஜிட்டலில் வந்திருந்தால் ஆண்டின் பெரும்பகுதி தூத்துக்குடிக்கு வெறும் கறுப்புத்திரைதான். அனலாக் என்ற அந்த மோசமான முறைதான் எங்களுக்கு இடம் கொடுத்தது. இதைக் குறை என்று பொறியாளர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். அரைகுறையாகத் தெரிந்த படத்தை முழுப்படமாக்கும் வேலை பார்ப்பவனுக்கு இருந்தது. அந்த வேலையைத்தான் நான் தேடுகிறேன்.

கூடவே ஒரு வருத்தமும் உண்டு. எதையும் விலை சொல்லி விற்கும் நாடு என்று நாம் சொல்கிற அமெரிக்காவில் வானத்தில் வரும் படம் இன்றும் இலவசம். ஜன்னலில் ஒரு தகடு ஒட்டினால் போதும். அரசே தொலைக்காட்சி நடத்திய நம் நாட்டில் அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டோம். தூர்தர்ஷனின் அனலாக் ஒளிபரப்பிகளை எல்லையோர முக்கிய இடங்கள் சிலவற்றைத் தவிர 2022 மார்ச்சோடு மூடிவிடுவது என்று அதை நடத்தும் பிரசார் பாரதி 2021-இல் அறிவித்தது. 2016 பிப்ரவரியில் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். பட்டியலில் இருந்தவை பெருநகரங்கள்; தூத்துக்குடி மாதிரி ஊருக்கு அதில் ஒன்றும் இல்லை. 2004 முதல் இருக்கும் ஃப்ரீ டிஷ் இலவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது செயற்கைக்கோள். எல்லா வீட்டுக் கிண்ணமும் ஒரே புள்ளியைத்தான் பார்க்க வேண்டும். பிடித்த பக்கம் திருப்பிக்கொள்ள முடியாது. புயலில் கரண்ட் போய், மொபைல் டவரும் செத்துக்கிடக்கும் நாட்களில், மலைமேல் ஜெனரேட்டரோடு நிற்கிற ஓர் ஒளிபரப்பியின் அருமை கடற்கரை மாவட்டங்களுக்குத் தெரியும். கொடைக்கானலை டிஜிட்டலாக்கியிருக்க வேண்டும். விட்டது தவறு.

தென்கடலோர ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். படம் பிடிக்க யாரும் இனிக் குழாய் நடப்போவதில்லை. ஆனால் அந்தக் காற்றடுக்கு ஒவ்வொரு கோடையிலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் புழுக்கம் தாங்காத ஒரு சாயங்காலம், சாதாரண எஃப்.எம். ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டட்டிக்கு ஏறுங்கள். இழுக்கும் கம்பியை முழுசாக இழுத்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள். இலங்கைத் தமிழ் நிலையம் ஏதாவது ஒன்று அகப்படும். சூரியன் எஃப்.எம். என்று குரல் கேட்டால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். அந்தப் பெயரில் இங்கேயும் ஒன்று இருக்கிறது, அங்கேயும் ஒன்று இருக்கிறது. விளம்பரம் வரும்வரை பொறுங்கள். கடை தூத்துக்குடியிலா கொழும்பிலா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.